தொட்டித் தண்ணீர் சிவந்தபோது

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "சின்ன வயசுல நீங்க என்ன வளத்தீங்கடி?" ஆளாளுக்கு நாய், பூனை, சேவல், கன்றுக்குட்டி என்று போட்டீர்கள். ஒருத்தி தன் வீட்டு ஆட்டுக்குட்டியோடு நிற்கும் பழைய போட்டோவைக்கூடத் தேடிப் போட்டிருந்தாள். நான் "தண்ணிப்பூச்சி" என்று எழுதினேன். வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள் வந்து விழுந்தன. ஒருத்தி மட்டும், "ஏய், உன் நெழலு பட்டுச் செத்துச்சே, அதா?" என்று கேட்டாள்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் எல்லாருக்கும் அப்படித்தானே சொன்னார்கள். என் சடங்குக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, எனக்கு ரிப்பனும் வளையலும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நீங்கள். அன்றைக்கு அந்த வீட்டு மாடியில் என்ன நடந்தது என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. டைப் அடிக்க விரல் வலிக்கிறது, கண்ணாடியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் அவனியாபுரத்தில் குடியிருந்தோம். முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, வெளிப்பக்கமாக மாடிக்கு ஏறும் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுக்குக் கீழே விறகும் சாக்குப் பையும் போடுகிற ஒரு பொந்து. மாடியில் தட்டோடுகள் பதித்த வெறும் தரை. அதுதான் அப்பாவின் ராஜ்ஜியம்.

அப்பாவுக்குக் கப்பலூரில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையில் எண்ணெய் வாசமும் இரும்பு வாசமும் அடிக்கும். கையைக் கழுவியதும் காபிகூடக் குடிக்காமல் மாடிக்குப் போவார். அங்கே பைட்டர் மீன்கள் இருந்தன. பைட்டரில் ஆண் மீன் இரண்டைச் சேர்த்துப் போட்டால் துடுப்பு கிழியச் சண்டை போடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித் தனி பாட்டில் வேண்டும். அதற்கு அப்பா கண்டுபிடித்த வழி, பிராந்திக் கடைக்குப் பின்னால் கிடக்கும் காலிக் குவார்ட்டர் பாட்டில்கள். ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். தெருவே வேடிக்கை பார்க்கும்.

"ஒரு சொட்டுத் தொடாத மனுசன், ஊருக்கே குடிகாரன் பேரு வாங்கிட்டு வாராரு பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

"பேருதான, வாங்கிட்டுப் போறேன்" என்பார் அப்பா.

அப்பா அப்படிப்பட்டவர். அதைச் சொன்னால்தான் பின்னால் வருவது உங்களுக்குப் புரியும். நல்ல நேரம், ராகு காலம் எதையும் பார்க்காமல் அந்த வீட்டுக்குக் குடி வந்தவர். ஒரு தடவை அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, மீனுக்குக் கண்ணு பட்டுவிடும் என்று மாடிக் கதவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டுப் போனார். அப்பா சாயங்காலம் வந்தார். பழத்தை அறுத்தார். உப்புப் போட்டுப் பிழிந்து எனக்கு அரை டம்ளர், தனக்கு அரை டம்ளர். "கண்ணு பட்ட பழம் நல்லாத்தான் இருக்கு, என்ன தாயி?" என்றார். எனக்குச் சிரிப்பில் புரையேறியது. இப்படி ஒரு அப்பா வேறு யாருக்கு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன் முட்டையிடும். ஆண் மீன் தண்ணீரின் மேல் நுரையால் கூடு கட்டி, வாயாலேயே ஒவ்வொரு முட்டையாக அதில் கொண்டுபோய் ஒட்டும். குஞ்சு பொரிக்கும். இமை முடியை நறுக்கிப் போட்டது போல அவ்வளவு மெல்லிசாக இருக்கும். அதற்கப்புறம்தான் எங்கள் துக்கம். பாக்கெட்டில் விற்கும் தீனி அதன் வாய்க்குள் போகாது. முட்டைக் கருவைக் கரைத்து ஊற்றினால் தண்ணீர் நாறும். உயிரோடு அசைகிற ஒன்றைத்தான் குஞ்சு கொத்தும். அசைவதாக எங்களிடம் எதுவும் இல்லை. குஞ்சுகள் ஒட்டிப்போன வயிற்றோடு அடியில் கிடக்கும். அப்பா அந்தத் தண்ணீரை வாழைமரத்துக்கு ஊற்றிவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

அம்மாவின் ஊர் திருவாதவூர். பொங்கலுக்கு அங்கே போயிருந்தபோது எருமைகள் படுத்துக் கிடக்கும் ஒரு குட்டையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பச்சைப் பாசி நிறம். வெயில் சாய்வாக விழுந்தபோது அந்தப் பச்சைக்குள் தூசி பறப்பது போல என்னவோ துள்ளியது. தூசி காற்றோடு போகும். இதுவோ நின்ற இடத்திலேயே துள்ளித் துள்ளி விழுந்தது. பாவாடை நனையக் குட்டையில் இறங்கி டிபன் பாக்ஸில் மொண்டேன். ஆயிரம் உயிர், ஒவ்வொன்றும் கடுகில் பாதிகூட இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடினால் செத்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவரின் வேட்டியில் குட்டைத் தண்ணீர் தெறித்தது. அவர் திட்டினார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். வீடு வந்து சேரும்போது பாதித் தண்ணீர்தான் மிச்சம். அப்பா ஒரு சொட்டை எடுத்துக் குஞ்சுத் தொட்டியில் விட்டார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒரு குஞ்சு உடம்பை வளைத்தது, பாய்ந்தது, கொத்தியது. அதன் கண்ணாடி வயிற்றுக்குள் ஆரஞ்சுப் புள்ளியாக ஒரு பூச்சி தெரிந்தது.

அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை! "நீ என் பார்ட்னர்டி" என்றார்.

அதிலிருந்து தண்ணிப்பூச்சி என் வேலை. கடைக்காரர்கள் அதை மொய்னா என்பார்கள். பகலில் அப்பா வீட்டில் இல்லாததால் எல்லாவற்றையும் நானே பார்த்துக் கற்றுக்கொண்டேன். சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் பிடித்து வெயிலில் விட்டு, முதலில் அது பச்சையாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பச்சைதான் பூச்சிக்குச் சோறு. பச்சை வெளுத்துப்போனால் கொஞ்சம் பால் விடலாம். எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். எனக்குக் குழந்தையில் மருந்து புகட்டிய பாலாடை ஒன்று பரணில் கிடந்தது, மூக்கு நீண்ட பித்தளைப் பாலாடை. அதில் கால்வாசிப் பால் எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தொட்டி முழுக்கத் தெளித்துவிடுவேன். பிறகு கையை முழங்கை வரை விட்டுப் பார்ப்பேன். நகம் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் பால் கூடிப்போச்சு. நல்ல தொட்டிக்கு வெயிலில் காய்ந்த புல் வாசம் வரும். கெட்ட தொட்டிக்கு முதல் நாள் புளித்த மாவு வாசம், மறுநாள் அழுகின முட்டை. மூக்கை வைத்தே சொல்லிவிடுவேன்.

மாசியில் ஒரு நாள் ஒரு தொட்டி சிவந்துபோனது. பச்சைத் தண்ணீரின் மேல்மட்டம் முழுக்கச் செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது மாதிரி. நான் பயந்து கத்தினேன். அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தண்ணீர் சிவக்கவில்லை. பூச்சிகள்தான் சிவந்திருந்தன. ஒவ்வொன்றும் ரோஸ் கலரில், எல்லாம் மேலே வந்து மொய்த்துக்கொண்டிருந்தன. முதல் நாள் அப்பா ஆசையில் பாலைக் கூட ஊற்றியிருந்தார். பாதிப் பூச்சியை வேட்டித் துணியில் வடித்து, தெளிந்த தண்ணீரில் மாற்றினேன். இரண்டொரு நாளில் அவை பழைய நிறத்துக்கு வந்தன. மாற்றாமல் விட்டவை செத்து அடியில் படிந்தன.

"பால் கூடுனா தண்ணி கெடுது. தண்ணி கெட்டா மூச்சு முட்டுது. மூச்சு முட்டுனா செவக்குது" என்று அப்பா ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் தாயி. தொழில் ரகசியம்" என்றார்.

நான் சாமி மேல் சத்தியம் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "சாமி எதுக்கு, எம்மேல பண்ணு" என்றார்.

டவுனில் ஒரு மீன்கடைக்காரர் இருந்தார். குண்டான மனிதர், வாய் நிறைய வெற்றிலை. எங்கள் குஞ்சுகள் பிழைப்பதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் வீடு தேடி வந்தார். தன்னிடம் இருந்த உயர்ந்த சாதி ஜோடி ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார். ஆண் மீன் பால் வெள்ளை, வால் மட்டும் விசிறி மாதிரி. "அண்ணே, இதோட குஞ்ச மட்டும் தேத்திக் காட்டுங்க. என் கடையில பாதிய உங்களுக்கு விட்டுத் தாரேன். கப்பலூருக்குச் சைக்கிள் மிதிச்சது போதும்" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் போனதும் என்னிடம், "கடை போர்டுல உன் பேரப் போடுவோம்" என்றார். நான் பள்ளிக்கூட நோட்டின் பின்னட்டையில் என் பேரைப் போர்டு எழுத்து போல எழுதி எழுதிப் பார்த்தேன். உங்களில் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுக் கேலி செய்தாள்.

வெள்ளை ஜோடி முட்டையிட்டது. குஞ்சு பொரித்தது. அன்றைக்கே நான் பெரிய மனுஷி ஆனேன்.

அத்தை வந்து வீட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். திருவாதவூரிலிருந்து தாய்மாமா பச்சைத் தென்னை ஓலை வெட்டிக்கொண்டு வந்து குச்சு கட்டினார். தனி இடம் இல்லாததால் மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தப் பொந்தையே ஒழித்து, ஓலைத் தட்டியால் மறைத்து, என்னை அதற்குள் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், பக்கத்தில் ஒரு உலக்கை. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மதியம் உளுந்தங்களி. ஆம்பளைகள் முகத்தைப் பார்க்கக் கூடாது, அப்பாவாக இருந்தாலும்.

எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. குஞ்சுகள் நீந்த ஆரம்பிக்கும் நேரம் அது. முதலில் வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டாகும்; பிறகு பொடிப் பூச்சி. எதை எப்போது தருவது என்று எனக்குத்தான் தெரியும். அத்தை தன் மகனை அப்பாவோடு கூட அனுப்பினார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன், சொன்னதைச் செய்வான். "மாப்ள, நீ கூட வா" என்று அப்பா அவனை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

படிக்கட்டு என் தலைக்கு மேலே. யார் ஏறினாலும் காலடி கேட்கும். அப்பாவின் நடையில் வலது கால் கொஞ்சம் இழுக்கும். அத்தை மகன் இரண்டிரண்டு படியாகத் தாவுவான். அன்று காலை இருவரும் ஏறும்போது டம்ளர் கைப்பிடிச் சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. கூடவே அப்பாவின் குரல்: "நெறைய ஊத்து மாப்ள. விசேசத்தன்னைக்குக் கடைக்காரரு வாராரு. தொட்டி நெறஞ்சு நிக்கணும்."

பாலாடை என் மடியில் இருந்தது. எப்படியோ அதையும் குச்சுக்குள் கொண்டுவந்திருந்தேன்.

"யப்பா! டம்ளர் வேணாம்ப்பா! பாலாடைல கால்வாசிதான்!" என்று கத்தினேன்.

மேலே காலடி நின்றது. முன்னறையிலிருந்து அத்தை ஓடி வந்தார். "கொமரிப்பிள்ள இம்புட்டுச் சத்தமாவா பேசுறது? தெருவே கேக்குது" என்றார். பந்தல்காரர்கள் சிரித்தார்கள். காலடி மறுபடி ஏறிப் போனது.

சாயங்காலமும் டம்ளர். மறுநாளும் டம்ளர். வீடு முழுக்க விசேஷத்துக்கு வாங்கிய பால் இருந்தது. வெயிலோ கொளுத்தியது. மூன்றாம் நாள் மதியம், களியை வாயில் வைக்கும்போது அந்தப் புளித்த மாவு வாசம் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. அம்மாவிடம் சொன்னேன்: "அப்பாகிட்டச் சொல்லும்மா, தண்ணியப் பாதி மாத்தச் சொல்லு. இப்ப மாத்தினாப் பொழச்சுக்கும்."

"இங்க நூறு பேருக்கு எல போடணும். பூச்சிக்குத் தண்ணி மாத்தச் சொல்லி அனுப்புறியா?" என்று அம்மா போய்விட்டாள்.

சடங்கன்று காலை மீன்கடைக்காரர் வந்தார். மஞ்சள் தண்ணீர் ஊற்ற இன்னும் நேரம் இருந்தது. உங்களில் சிலர் அப்போதே வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்பா அவரை மாடிக்கு அழைத்துப் போனார். கூடவே தாய்மாமா, அத்தை, அத்தை மகன், அக்கம்பக்கத்து ஆட்கள். தலைக்கு மேலே அவ்வளவு காலும் ஏறியது. தொட்டிப் பக்கம் போய் நின்றது.

பிறகு அத்தையின் அலறல். "ஆத்தாடி! ரெத்தமாட்டம் கெடக்கேடா தொட்டி!"

எனக்குத் தெரிந்துவிட்டது. சிவந்திருக்கிறது. குஞ்சுகளுக்கும் அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு ஊற்றியிருப்பார்கள். அவை போயிருக்கும்.

கூட்டம் பேசிக்கொண்டே இறங்கியது. அத்தையின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல? சமஞ்ச பிள்ள உக்காந்திருக்கா, அவளுக்கு மேல நீங்க தொட்டிய வச்சிருக்கீக. சமஞ்ச அன்னைக்குக் காலைலகூட அதுல கையவிட்டுத்தான வந்திருக்கா? செவக்காம என்ன செய்யும்? தீட்டு வேற எப்டிக் காட்டும்?"

மீன்கடைக்காரர், "இப்டி ஒரு கலர நான் பாத்ததே இல்லண்ணே. என்ன ஆச்சு? ஏதாச்சும் தப்பா ஊத்தீட்டீகளா?" என்று கேட்டார்.

அது அப்பாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி. ஓலை இடுக்கு வழியாக நான் பார்த்தேன். அப்பா படிக்கட்டின் பாதியில், புது வேட்டி சட்டையில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு பயமும் இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்த அப்பா. இப்போது சிரித்து, அக்கா, உனக்குக் கிறுக்கா என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். நானே பேசினேன்.

"யப்பா, பால் கூடிப்போச்சுப்பா. மாசியில செவந்துச்சுல்ல, அதேதான். நமக்குத்தான் தெரியும்ல. சொல்லுங்கப்பா."

எல்லாரும் என் ஓலைத் தட்டியைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். ஒரு கணம்தான். அதற்குள் அந்த முகத்தில் எல்லாம் ஓடியது. மாசி மாதம், பூதக்கண்ணாடி, விரல் மடக்கிச் சொன்னது, டம்ளர் எல்லாம். அவருக்குத் தெரியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு அவர் மீன்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"நான் எப்பயும் ஊத்துறதுதாண்ணே ஊத்துனேன். அக்கா சொல்றதுதான் சரி போல. அதெல்லாம் நான் நம்பாம இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே பிள்ளைய மாடிக்கு விட வேணாம்" என்றார்.

கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். "விடுங்க, வேற ஜோடி போடுவோம். சுத்தபத்தமா இருந்தாச் சரி" என்றார். அப்பாவின் தோள் இறங்கியது. நிம்மதியில் இறங்கிய தோள் அது.

அம்மா வந்து தட்டியைச் சரிசெய்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். "பெத்தவர சபையில வச்சுக் கேள்வி கேப்பியா? வாய மூடு. தலைக்குத் தண்ணி ஊத்தணும்" என்றாள். சற்று நேரத்தில் நீங்களெல்லாம் என்னைச் சுற்றி நின்றீர்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தாய்மாமா எடுத்துவந்த பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் என் கண் வீங்கியிருப்பதைப் பார்த்து, வெட்கத்தில் அழுதிருக்கிறாள் என்று பின்னாளில் என் வீட்டுக்காரர் சொன்னார்.

மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. தொட்டிகளைச் சுண்ணாம்படித்துக் கழுவினார்கள். பாலாடை எங்கே போனது என்று தெரியவில்லை; குச்சு ஓலையைப் பிரித்து எரித்தபோது அதோடு போயிருக்கலாம். நான் பள்ளிக்கூடம் வந்தபோது கதை எனக்கு முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. என் டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாய் எடுக்க ஒருத்தி யோசித்தாள். அவள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள். இருக்கட்டும்.

அத்தை மகன்தான் இப்போது தொட்டிகளைப் பார்த்தான். அவனுக்கு வரவில்லை. ஒரு தொட்டி வெளுக்கும், ஒரு தொட்டி நாறும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து படிக்கட்டுப் பக்கம் நின்றாலே எனக்கு வாசம் சொல்லிவிடும், எந்தத் தொட்டி எந்த நிலையில் இருக்கிறதென்று. சொல்ல யாரும் இல்லை.

ஆடி மாதக் காற்று அடித்த ஒரு சாயங்காலம் குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்தபடி நின்றார். சடங்குக்கு அப்புறம் அவர் என்னிடம் நேராகப் பேசியதே குறைவு.

"தாயி."

நான் கையிலிருந்த சட்டியை விளக்கிக்கொண்டே இருந்தேன்.

"புது ஜோடி பொரிச்சிருக்கு. மாப்ளைக்குப் பூச்சி நிக்க மாட்டேங்குது. தண்ணி பால்கலரா வருது."

"நான் வந்து பாக்கவாப்பா?"

"வேணாம் வேணாம். சொல்லு போதும். நான் அவன்கிட்டச் சொல்லிக்கிறேன்."

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது தோன்றவில்லை. மேலே குஞ்சுகள் பசியோடு கிடக்கின்றன என்பது மட்டும்தான் தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. நான் சொன்னபடி செய்து பூச்சி பெருகிவிட்டால், பிள்ளை சொன்னதுதான் சரி என்று அப்பாவே எல்லாரிடமும் சொல்லுவார், பூட்டைத் திறந்துவிடுவார் என்று நினைத்தேன். எல்லாம் சொன்னேன். பச்சைத் தண்ணீர், கால்வாசிப் பால், வாளியில் கரைப்பது, முழங்கை வரை கை விட்டு நகம் பார்ப்பது. ஒரு தொட்டி படுத்தாலும் இன்னொன்று நிற்கும்படி பூச்சியை எப்போதும் இரண்டு மூன்று தொட்டியில் பிரித்து வைப்பது. சிவக்க ஆரம்பித்தால் உடனே மாற்றுவது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், "சரி தாயி" என்று போய்விட்டார்.

பூச்சி பெருகியது. தொட்டி கொள்ளாமல் பெருகியது. வெள்ளைக் குஞ்சுகள் எல்லாம் தேறின. அத்தை தெரு முழுக்கச் சொன்னார்: "பாத்தீகளா? பிள்ள கை படாம இருந்ததும் எம்புட்டுச் சுத்தமா வருதுன்னு! நாஞ் சொன்னப்ப யாரு நம்புனா?" அன்றைக்கு அப்பா கால் கிலோ மிக்சர் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். அத்தை அதைச் சொன்னபோது அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மிக்சரில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

என் கையை எடுத்ததால்தான் நல்லது நடந்தது என்பதற்கு நானே அத்தாட்சி கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் யாரிடம் போய் என்ன சொல்வது?

கடைக்காரர் சொன்னபடியே பாதிக் கடை கைக்கு வந்தது. போர்டில் அத்தை மகன் பேர். அப்பா கம்பெனியை விட்டு நின்றார். திறப்பு விழாவன்று பெண்களெல்லாம் முன்கடையோடு நின்றுகொண்டோம்; பின்பக்கம் தொட்டிகள் இருக்கும் இடத்துக்குப் பொம்பளைகள் போகக் கூடாது என்பது முதல் நாளே சட்டமாகிவிட்டது. பைட்டர் வளர்க்கிற வேறு சிலரும் அதைக் கேட்டுத் தங்கள் வீட்டுப் பெண்களைத் தள்ளி வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்பாவிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களுக்கு அவரே அந்தக் கதையைச் சொல்வாராம். சிவந்த தொட்டி, கெட்டுப்போன குஞ்சு, அப்புறம் வந்த சுத்தம். நன்றாகச் சொல்வார், அவர் எதையும் நன்றாகச் சொல்வார்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது அத்தை மகனைத்தான் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். ஏன் என்று வீடே கேட்டது. அப்பா மட்டும் கேட்கவில்லை. "பிள்ளைக்கு இஷ்டமில்லேன்னா விடுங்க" என்று முடித்துவைத்தார். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொள்ள வெகு நாள் முயன்றேன்.

அதன்பிறகு எல்லாருக்கும் நடப்பது எனக்கும் நடந்தது. கல்யாணம், பிள்ளைகள், சத்துணவுக் கூடத்தில் வேலை. மீன் வளர்க்கவில்லை. என் மகன் சின்ன வயதில் ஒரு கண்ணாடித் தொட்டி கேட்டு அழுதான். கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுத்தேன். அம்மா போனபின், முழங்கால் நடக்க விடாமல், அப்பா என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அத்தை மகன் மாதம் தவறாமல் வந்து பார்க்கிறான், பழம் வாங்கி வருகிறான். அவனிடம் கடை நன்றாக நடக்கிறது.

குழுவில் அந்தக் கேள்வி வந்த அன்று மதியம், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சீரியல். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்க வேண்டும் என்று திட்டம் போடவில்லை. வாயில் வந்துவிட்டது.

"யப்பா, அன்னைக்குத் தொட்டி ஏன் செவந்துச்சு?"

எந்தத் தொட்டி, என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"பால் சாஸ்தி" என்றார்.

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

கீரைக்காம்பு என் கையில் நின்றுவிட்டது. "அப்புறம் ஏம்ப்பா அப்டிச் சொன்னீக?"

கொஞ்ச நேரம் வாயை மென்றார். பல் இல்லாத வாய். "கடைக்காரரு கேட்டாரு. அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. நான் தப்பா ஊத்தீட்டேன்னா அதோட போச்சு, ஆயுசுக்கும் கப்பலூருதான். நீ சின்னப்பிள்ள. உம்மேல போட்டா ஒன்னும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"ஆச்சுல்லப்பா."

"நீ ஒருநாளும் கேக்கலயே" என்றார். "மறந்துட்டன்னு நெனச்சேன்."

இதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை. லேசான ஆச்சரியம்தான் இருந்தது. வேறு ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன், இந்த வயதிலும். விளம்பரம் முடிந்து சீரியல் மறுபடி ஆரம்பித்தது.

"தாயி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி" என்றார்.

எழுந்துபோய்க் கூட்டி வைத்தேன்.